மதிப்பெண்ணும் ஆய்வும் மருத்துவரும்

மருத்துவக் கல்வியைப் பற்றி ஒரு தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியன் எழுதப் புகுவது வாசகர் சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும் மருத்துவராகும் வழி மருத்துவக் கல்லூரியின் வாயிலில் தொடங்குவதில்லை; நம் பள்ளிகளின் ஆறாம் ஆண்டு வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது. மகளை என்ன படிக்க வைக்கப் போகிறீர்கள் என்று கேட்டால், லாரி ஓட்டும் தந்தையும் தொழிற்சாலைக்குப் போகும் தாயும் தயங்காது கூறும் விடை ஒன்றே. பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் இரவு ஒன்பது மணிக்குப் பிரத்தியேக வகுப்பு முடிந்து இறங்கிவரும் பிள்ளைகளைக் கண்டவர்க்கு அந்த விடையின் விலை தெரியும். இந்த ஆசையை எள்ளி நகையாடும் கட்டுரைகள் நம்மிடையே நிறைய வந்துவிட்டன. அவ்வரிசையில் இன்னொன்றைச் சேர்ப்பது என் நோக்கமன்று. ஆசைப்பட்ட பிள்ளையை எந்தக் கோலால் அளக்கிறோம், அக்கோல் நேர்மையானதா, அளக்க வேண்டியதைத்தான் அளக்கிறதா என்பனவே ஈண்டு ஆராயப்படுவன.

கோல்கள் இரண்டு. எல்லார்க்கும் பொதுவாக வைக்கப்படும் தேர்வு ஒன்று. அண்மைக் காலத்தில் உலகெங்கும் வலுப்பெற்றுவரும் ஆராய்ச்சி நிபந்தனை மற்றொன்று. முன்னதைப் பழித்துப் பின்னதைப் போற்றுவது இன்றைய நாகரிகமாகிவிட்டது. என் கருத்து பெரும்பாலும் இதற்கு மாறானது.

முதலில் தேர்வை நோக்குவோம். 2002 ஆம் ஆண்டில் நம் நாட்டுப் பொதுப் பல்கலைக்கழகங்களில் இன ஒதுக்கீட்டு முறை நீங்கித் தகுதி முறை வருகிறது என்று அறிவிக்கப்பட்டது. கேட்டவுடன் மகிழ்ந்தவர் பலர். ஆனால் ஒரே வாயிலுக்கு இரண்டு படிக்கட்டுகள் இருந்தன. ஒன்று ஆறாம் படிவத்து எஸ்.டி.பி.எம். தேர்வு; மற்றொன்று மெட்ரிகுலேஷன். பாடத்திட்டம் வேறு, வினாத்தாள் வேறு, திருத்துவோர் வேறு. மெட்ரிகுலேஷன் இடங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பூமிபுத்திரருக்கு உரியனவாக இருந்தன. இவ்விரு தேர்வுகளின் முடிவும் 4.00 என்னும் ஒரே எண்ணாக எழுதப்பட்டு ஒரே தட்டில் வைத்து நிறுக்கப்பட்டன. பலாப்பழத்தைக் காயாலும் மாம்பழத்தை எடையாலும் விற்கிற கடைக்காரன்கூட இரண்டுக்கும் ஒரே கணக்கெழுத மாட்டான். 2004 ஆம் ஆண்டில் எஸ்.டி.பி.எம். தேர்வில் முழுத் தகுதி பெற்ற 128 மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் இடம் மறுக்கப்பட்டது. நாடெங்கும் எழுந்த முறையீட்டிற்குப் பின்னரே மாற்று ஏற்பாடுகள் தேடப்பட்டன. 2024 ஆம் ஆண்டில், எஸ்.பி.எம். தேர்வில் பத்து ஏ பெற்றோர் எவ்வினத்தவராயினும் அவர்க்கு மெட்ரிகுலேஷனில் இடமுண்டு என்று பிரதமர் அறிவித்தது நல்லதே. எனினும் படிக்கட்டுகள் இரண்டும் இரண்டாகவே நிற்கின்றன.

இந்நிகழ்ச்சியைக் காட்டித் தேர்வு முறையே தீயது என்று வாதிடுவோர் உளர். 128 பேரையும் வெளியே நிறுத்தியது தேர்வு எனக் கூற என்னால் இயலவில்லை. அவர்கள் கையில் இருந்த ஒரே சான்று அந்தத் தேர்வுதான். 4.00 என்று அச்சிட்ட தாள் இல்லாதிருந்தால் அவர்களுக்கு இழைக்கப்பட்டது அநீதி என்று எவருக்கும் காட்டியிருக்க முடியாது. நாளேடுகளும் எழுதியிரா, அமைச்சரவையும் அசைந்திராது. செல்வாக்கில்லாதவன் கையில் உள்ள ஒரே கடிதம் மதிப்பெண். அதை எளிதில் பழிக்க எனக்கு மனம் வருவதில்லை.

அப்படியாயின் நாடு முழுவதற்கும் ஒரே தேர்வு வைத்துவிட்டால் நீதி பிறந்துவிடுமா? தமிழ்நாட்டைப் பார்ப்போம். அங்கு மருத்துவ நுழைவுத் தேர்வு 2006 ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே சேர்க்கைக்கு அடிப்படையாயிற்று. பத்தாண்டுக் காலம் சிற்றூர்ப் பிள்ளைகள் பலர் அவ்வழியே மருத்துவராயினர். 2017 இல் நீட் என்னும் அனைத்திந்தியத் தேர்வு கட்டாயமாயிற்று. அரியலூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், சுமை தூக்கும் தொழிலாளியின் மகளாகப் பிறந்த மாணவி ஒருத்தி பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 பெற்றிருந்தாள். அவளால் நீட் தேர்வைக் கடக்க இயலவில்லை. உச்ச நீதிமன்றம் வரை சென்று முறையிட்டாள், பயனில்லை. 2017 செப்டம்பர் 1 ஆம் நாள் தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். 2020 இல் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காட்டு இடங்களை ஒதுக்கும் சட்டம் வந்தது. 2021 இல் ஓய்வுபெற்ற நீதியரசர் ஏ. கே. இராஜன் தலைமையிலான குழு, நீட் வந்தபின் தமிழ்வழிக் கல்வி பெற்றோர், சிற்றூரார், வறியோர் ஆகியோரின் பங்கு சுருங்கியதை எடுத்துரைத்தது.

நம் நாட்டில் நடந்ததையும் அங்கே நடந்ததையும் அடுத்தடுத்து வைத்தால் நோய் தெளிவாகும். இங்கே இரண்டு தேர்வுகளை ஒரே தேர்வென்று பாவித்தார்கள். அங்கே இரண்டு வகைக் கல்வி பெற்றோரை ஒரே கல்வி பெற்றவராகப் பாவித்தார்கள். மாநிலப் பாடநூலைப் படித்தவளிடம் நடுவண் பாடத்திட்டத்தில் வினாக் கேட்டால், விடை தெரிந்தவன் பயிற்சி நிலையத்திற்குப் பணங்கட்டியவனாகவே இருப்பான். வினாத்தாளைப் பொதுவாக்குவது ஓரிரவு வேலை. கற்பித்தலைப் பொதுவாக்குவது ஒரு தலைமுறை வேலை. அரசுகள் எப்போதும் முதலாவதையே முதலிற் செய்கின்றன.

இத்தனை குறை இருந்தும் தேர்வை நான் ஏன் கைவிடத் துணியவில்லை என்று வாசகர் கேட்கலாம். தேர்வோ விதியோ இல்லாத இடத்தில் நடப்பதைக் கண்டதனால்தான். நம் அரசு மருத்துவமனைகளில் 2016 டிசம்பர் முதல் இளம் மருத்துவர்கள் ஒப்பந்த முறையில் அமர்த்தப்பட்டனர். 2021 ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரை அவ்வாறு அமர்த்தப்பட்ட 23,077 பேரில் நிரந்தரப் பணி பெற்றோர் 789 பேரே. மற்றவர் எதனால் விடுபட்டனர் என்பதற்குத் தெளிவான விளக்கம் அவர்கட்குக் கிடைக்கவில்லை. 2021 ஜூலை 26 ஆம் நாள், கோவிட் பெருந்தொற்று உச்சத்தில் இருந்த வேளையில், கறுப்பு உடை அணிந்து அவர்கள் மருத்துவமனைகளை விட்டு வெளியே வந்து நின்றனர். கோரிக்கை பலவாயினும் அவற்றுள் ஒன்று என் நெஞ்சில் தைத்தது: எங்களை எந்த அடிப்படையில் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதையாவது வெளிப்படையாகச் சொல்லுங்கள் என்றனர். ஐந்தாறு ஆண்டு படித்து, ஈராண்டு பயிற்சி முடித்து, தொற்றுநோயின் நடுவில் நின்றவர்கள் தம்மை அளக்க ஒரு கோல் கேட்டார்கள். தேர்வில் தவறியவன் தன் தாளை மீளத் திருத்தக் கோரலாம்; காரணம் சொல்லப்படாமல் விடப்பட்டவன் எந்தத் தாளைக் கொண்டு போவான்?

மதிப்பெண்ணை ஒழித்துப் பார்த்த நாட்டின் கதையும் உண்டு. அமெரிக்காவில் மருத்துவ உரிமத் தேர்வின் முதற்படிக்கு மூன்றிலக்க மதிப்பெண் வழங்கி வந்தனர். நோயாளியைத் தொடும் அளவுக்கு அறிவுண்டா இல்லையா எனக் காண ஏற்பட்ட தேர்வு அது. நாளடைவில் பெரிய மருத்துவமனைகள் சிறப்புப் பயிற்சிக்கு ஆளெடுக்க அந்த எண்ணையே சல்லடையாகப் பயன்படுத்தின. மாணவர்கள் வகுப்பை விட்டு வினா வங்கிகளில் மூழ்கினர். 2022 ஜனவரியில் எண்ணை நீக்கித் தேர்ச்சி, தோல்வி என்ற அளவோடு நிறுத்தினார்கள். சல்லடை மறைந்துவிட்டதா? இல்லை. இரண்டாம் படித் தேர்வின் மதிப்பெண் அதன் இடத்தில் வந்து அமர்ந்தது; ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கையும் முன்னிலும் கனத்தது. பேராசிரியர் ஒருவரின் அறிமுகமும், ஊதியமில்லாமல் ஓராண்டு ஆய்வுக்கூடத்தில் இருக்கும் வசதியும் உள்ளவனுக்கு இம்மாற்றம் நல்வாய்ப்பு. மாலையில் வேலைக்குச் சென்று படிக்கும் மாணவனுக்கு? அவன் விடிய விடியப் படித்தால் கிடைக்கும் மதிப்பெண்ணைப் பறித்துவிட்டு, எவரிடம் போய்க் கேட்பது என்று அவனுக்குத் தெரியாத ஒன்றைக் கேட்கிறார்கள்.

நம்மூரிலும் இதன் சிறு வடிவத்தைக் கண்டோம். யு.பி.எஸ்.ஆர். 2021 இல் நீக்கப்பட்டது. பிள்ளைகளின் சுமை குறைந்ததென்று நானும் மகிழ்ந்தேன். ஆயினும் சிறப்புப் பள்ளிகளுக்குத் தனி நுழைவு மதிப்பீடு உண்டு. அதற்கு எப்படிப் பதிவது, எப்போது பதிவது என்பதை அறிந்த பெற்றோர் பதிகின்றனர். முன்பு தேர்வு பள்ளிக்கே வந்தது. இப்போது தேர்வைத் தேடிப் பெற்றோர் போக வேண்டும்.

இனி ஆராய்ச்சிக்கு வருவோம். நோய் இன்னதென்று கண்டு, அதன் காரணத்தையும் தேடியறிந்த பின்னரே மருத்துவம் செய்ய வேண்டும் என்று வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் வகுத்துள்ளார். ஆராய்ச்சி மருத்துவரின் தொழிலுக்குப் புறம்பானதன்று என்பதில் ஐயமில்லை. அதற்குச் சான்று தேடி வெளிநாடு போக வேண்டியதுமில்லை, கிள்ளானே போதும்.

1901 இல் மால்கம் வாட்சன் என்னும் இளம் மருத்துவர் கிள்ளானுக்கு அரசு மருத்துவராக வந்து சேர்ந்தார். கொசுவே மலேரியாவைச் சுமக்கிறது என்னும் உண்மையை ரொனால்ட் ரோஸ் இந்தியாவில் கண்டறிந்து நான்காண்டுகள்தாம் ஆகியிருந்தன. அவ்வாண்டு செப்டம்பரில் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹம் துறைமுகம், இன்றைய போர்ட் கிள்ளான், காய்ச்சலால் மூடப்படும் நிலைக்கு வந்தது. வாட்சன் சதுப்பு நிலத்தில் வடிகால் வெட்டச் செய்தார். புதர்களை அழிக்கச் செய்தார். செய்ததோடு நில்லாமல் செத்தவர்களை ஆண்டு வாரியாக எண்ணினார். நகரிலும் துறைமுகத்திலுமாக 1901 இல் 582 ஆக இருந்த இறப்பு மறு ஆண்டில் 144 ஆக இறங்கியது. பின்னர் அவர் தோட்டங்கள் தோறும் நடந்து கணக்கெடுத்தார். அக்கணக்கில் வரும் பெயரற்ற எண்களுள் பெரும்பகுதி நம் பாட்டன் பாட்டிமார்.

கோலாலம்பூரிலும் ஒரு கதை உண்டு. நம்மவர் பலர் அறியாதது. பெரிபெரி என்னும் நோய் அன்று மலாயாவில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. சுரங்கத்துச் சீனத் தொழிலாளரை அது வாட்டியது. தோட்டத்துத் தமிழரை ஏறத்தாழ விட்டுவிட்டது. லெனார்ட் பிராடன் என்ற மருத்துவர் இவ்வேறுபாட்டைக் கண்டு, காரணம் சோற்றில் இருக்கிறது என்றார். சீனர் உண்டது தீட்டிய சயாம் பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. பலர் இதை நம்பவில்லை. 1905 இல் கோலாலம்பூர் மனநல விடுதியின் மருத்துவர் வில்லியம் பிளெட்சர் இதைச் சோதிக்கத் துணிந்தார். நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண்ணி, ஒற்றைப்படை எண்ணினரை ஒரு கட்டடத்திலும் இரட்டைப்படை எண்ணினரை மறு கட்டடத்திலும் இருத்தினார். ஒரு பிரிவுக்குச் சயாம் அரிசி. மற்றதற்கு, புடு சிறையில் கைதிகளுக்குக் கொடுத்ததுபோல் இந்தியப் புழுங்கலரிசி. நோய் கட்டடத்தில் ஒட்டியிருக்குமோ என்ற ஐயம் தீர, இடையில் இரு பிரிவினரையும் இடம் மாற்றியும் பார்த்தார். தீட்டிய அரிசி உண்ட பிரிவில் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். புழுங்கலரிசி உண்டோருள் ஒருவரும் அதனால் இறக்கவில்லை. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்பதைப் பிற்கால அறிவியல் விளக்கியது. நம் பெண்கள் அண்டாவில் நெல்லவித்தது எந்த ஏட்டிலும் வெளிவராத ஆராய்ச்சி எனலாம். பிளெட்சரின் சோதனைக்கு ஆளானோரிடம் எவரும் சம்மதம் கேட்கவில்லை என்பதையும் மறந்துவிடலாகாது. இன்று அவ்வாறு செய்தால் அவர் உரிமத்தை இழப்பார்.

அண்மைக் காலத்துக்கும் வருவோம். 1998 இறுதியில் பேராக்கில் தோன்றி, நெகிரி செம்பிலானில் பரவிய மூளைக்காய்ச்சலை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று கருதிக் கொசுவுக்குப் புகையடித்தனர். 1999 மார்ச்சில், பேராசிரியர் டி. ஜே. தனராஜ் முதல் தலைவராக இருந்து வளர்த்த மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் புலத்தில், நச்சுயிரியல் பயின்றுகொண்டிருந்த சுவா காவ் பிங் என்பவர் இது வேறு கிருமி என்று கண்டார். அதுதான் நிப்பா. 265 பேரைப் பற்றி 105 பேரைக் கொன்ற அந்நோய், பன்றிகளை அகற்றியதால் அடங்கியது. கண்டவர் பயிற்சியில் இருந்தவர் என்பது கருதற்பாலது.

வாட்சனுக்கும் பிளெட்சருக்கும் சுவாவுக்கும் பொதுவாக இருந்தது ஒன்று: கண்முன்னே மனிதர் இறந்துகொண்டிருந்தனர், வழக்கமான விளக்கம் அவர்களுக்குப் போதவில்லை. பதவி உயர்வுக்கு இத்தனை கட்டுரை என்று எண்ணி அவர்கள் தொடங்கவில்லை.

எண்ணித் தொடங்கினால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. சீனாவில் மருத்துவமனை மருத்துவர்க்குப் பதவி உயர்வு வேண்டுமாயின் கட்டுரை வெளியாகியிருக்க வேண்டும் என்ற நிலை நெடுங்காலம் இருந்தது. நாள் முழுதும் நோயாளிகளைப் பார்ப்பவருக்கு ஆய்வுக்கூடம் எங்கே, நேரம் எங்கே? 2020 இல் 400க்கும் மேற்பட்ட கட்டுரைகள் ஒரே பட்டறையில் வார்க்கப்பட்டவை என்பது வெளிப்பட்டது. வெவ்வேறு மருத்துவமனை, வெவ்வேறு நோய், வெவ்வேறு ஆசிரியர். படங்கள் மட்டும் ஒரே வார்ப்பு. இந்தியாவிலும் மருத்துவப் பேராசிரியர் பதவி உயர்வுக்குக் கட்டுரை எண்ணிக்கை விதியாகியபின், பணம் வாங்கி அச்சிடும் ஏடுகள் பெருகின. அங்கும் இங்கும் முதுநிலைச் சிறப்புப் பயிற்சிக்கு ஆய்வேடு கட்டாயம். இரவுப் பணி முடித்துக் கண்சிவந்து வரும் பயிற்சி மருத்துவர், வெளிநோயாளர் வரிசையில் கேள்வித்தாளை நீட்டி முப்பது நாளில் நூறு பேரைச் சேர்க்கிறார். அந்த ஆய்வேட்டை மீண்டும் திறந்து படிப்பவர் எத்தனை பேர்?

இதைப் பிறர் வீட்டுக் குறையாக நான் சொல்லவில்லை. ஆசிரியப் பயிற்சியிலும் செயலாய்வு என்றொரு கட்டாயம் உண்டு. பயிற்சிக்கு வரும் இளம் ஆசிரியர் நான்கைந்து மாணவரைத் தேர்ந்து, வண்ண அட்டையோ விளையாட்டோ கொண்டு கற்பித்து, முன்சோதனை பின்சோதனை வைத்து ஏடு எழுத வேண்டும். இத்தனை ஆண்டுகளில் நான் படித்த அத்தகைய ஏடுகள் எல்லாவற்றிலும் மாணவர் முன்னேறிவிட்டனர். ஒன்றிலேனும், வண்ண அட்டையால் பயனொன்றும் விளையவில்லை என்ற முடிவைக் காணேன். எங்கள் பள்ளியின் நாலாம் ஆண்டுப் பிள்ளைகளோ இன்றும் லகர ளகரத்தில் தடுமாறிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பொய் எழுத வேண்டும் என்று அந்த ஆசிரியர்கள் வந்தவர்களல்லர். தோற்ற ஆய்வுக்கு மதிப்பெண் இல்லை என்பதை அவர்கள் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்கிறார்கள்.

ஆகவே மருத்துவப் பயிற்சியிலும் ஆராய்ச்சியை எண்ணிக்கையாகக் கேட்பதை நிறுத்துவது நலம். கட்டுரை எழுதினாயா என்பதை விட, பிறர் எழுதிய கட்டுரையில் ஓட்டை எங்கே என்று கண்டாயா எனக் கேட்கலாம். அதைத் தேர்வாகவே வைக்கலாம். அது எல்லார்க்கும் பொதுவாகவும் இருக்கும், எந்தப் பேராசிரியரின் தயவும் அதற்கு வேண்டா. பயன் தராத மருந்தைப் பற்றிய நேர்மையான ஏட்டிற்கும், பயன் தந்ததைப் பற்றிய ஏட்டிற்கும் சம மதிப்பளிக்கலாம். ஆய்வில் நாட்டமில்லாத நல்ல மருத்துவரை அவர் போக்கில் நோயாளியிடம் விட்டுவிடலாம். அதனால் மருத்துவ உலகுக்கு இழப்பொன்றும் இல்லை.

நாட்டமுள்ளவர்க்கோ கிள்ளானிலேயே வேலை காத்திருக்கிறது. 2019 ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி நம் நாட்டு வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு. இந்தியரிடையே அது 31.4. புழுங்கலரிசி ஒரு நூற்றாண்டுக்கு முன் எவர்களைக் காத்ததோ அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையில் எண் வாங்கிக்கொண்டு காலில் கட்டோடு அமர்ந்திருக்கிறார்கள். மாத்திரையை ஏன் நிறுத்தினீர்கள் என்று மருத்துவர் மலாயில் கேட்டால் மறந்துவிட்டேன் என்பார்கள். தமிழில் கேட்டால் வேறு விடை வரக்கூடும்: பேருந்துக் கட்டணம், மருமகளின் வேலை நேரம், அண்டை வீட்டார் கொடுத்த கஷாயம். அந்த விடைகளை எவரேனும் வாட்சனைப்போல் ஆண்டு வாரியாக எண்ணிப் பார்க்க வேண்டும். அதற்கு நம் பள்ளியில் படித்துப்போன ஓர் இளம் மருத்துவர் போதும். அவருக்கு நிரந்தரப் பணியும், வாரத்தில் அரைநாள் ஓய்வும், முடிவு எப்படி வந்தாலும் எழுதலாம் என்ற உறுதியும் வேண்டும். இம்மூன்றில் ஒன்றுகூட இன்று அவர் கையில் இல்லை.